பாலக்காட்டில் பார்த்த லெசூட்டூ படம்: விழாப் படம் என்று ஒதுக்கிவிடலாமா?

வாளையார் வண்டி

பழைய தோள்பையைத் துவைக்கப் போடும்போது உள்ளே 2021 கேரளத் திரைப்பட விழா அட்டை கிடைத்தது, அதனால்தான் இந்த இழை. கொரோனாவால் அந்த வருடம் விழாவை ஒரே ஊரில் வைக்காமல் திருவனந்தபுரம், கொச்சி, தலச்சேரி, பாலக்காடு என்று நாலு ஊருக்குப் பிரித்துவிட்டார்கள். கோயம்புத்தூர்க்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும், ஐம்பது கிலோமீட்டர், காலையில் போனால் ராத்திரி வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடலாம். சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் ஒன்றுதான் இருந்தது.

அங்கே பார்த்த ஒரு படத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். 'திஸ் இஸ் நாட் எ பரியல், இட்ஸ் எ ரிசரக்‌ஷன்'. தமிழில் சொன்னால் "இது அடக்கம் அல்ல, உயிர்த்தெழுதல்". லெமொஹாங் ஜெரெமையா மொசெசே எடுத்தது, தென்னாப்பிரிக்காவுக்கு நடுவில் இருக்கும் லெசூட்டூ நாட்டுப் படம். அந்த விழாவின் பெரிய பரிசான சுவர்ண சகோரமும் இதற்குத்தான் போனது. பேரைப் பார்த்ததும் பாதி பேர் வேறு அரங்குக்குப் போய்விட்டார்கள், நானும் போயிருப்பேன், பக்கத்துக் கியூ நீளமாக இருந்ததால் இதில் உட்கார்ந்தேன். அதுதான் உண்மை.

கதை இவ்வளவுதான். மன்டோவா என்று எண்பது வயதுக் கிழவி. தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் வேலை செய்கிற மகன் கிறிஸ்துமஸுக்கு வருவான் என்று காத்திருக்கிறார், வருவது அவன் செத்துப்போன செய்தி. இருந்த ஒரே ரத்த சொந்தமும் போய்விட்டது. இனி நமக்கும் நேரம் வந்துவிட்டது என்று தன் சாவுக்கான ஏற்பாட்டைத் தானே செய்யத் தொடங்குகிறார். அந்த நேரம் பார்த்து, அணை கட்டப்போகிறோம், ஊர் முழுகிவிடும், எல்லோரும் நகரத்துக்குக் கிளம்புங்கள் என்று அரசாங்கத்திலிருந்து சொல்கிறார்கள். சுடுகாடும் சேர்ந்துதான் முழுகும். சாகத் தயாரான கிழவி, புதைக்க இடம் வேண்டும் என்பதற்காகவே எழுந்து நின்று சண்டை போட வேண்டியதாகிறது. இந்தத் திருப்பம் எனக்கு மிகவும் பிடித்தது.

எடுத்திருக்கும் விதம்தான் இன்னும் மனதில் இருக்கிறது. அகலத் திரை கிடையாது, பழைய டிவி மாதிரி 4:3 சட்டம். பரந்த மலைகளைக் காட்ட வாய்ப்பு இருந்தும் அந்தச் சதுரத்துக்குள் கிழவியின் முகத்தை நிறுத்துகிறார்கள். வீடு எரிந்துபோன பிறகு ஒரு ஷாட், சாம்பலுக்கு நடுவில் அவர் இருக்கிறார், ஆடுகள் வந்து சுற்றி நிற்கின்றன. துக்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி நிற்கும். அரங்கில் யாரும் இருமக்கூட இல்லை, இருமினால் கொரோனா என்று துரத்திவிடுவார்களோ என்ற பயமாகவும் இருக்கலாம்.

இப்போது என் கேள்வி. அப்போது கூட வந்த நண்பர், "இது வெள்ளைக்காரன் விழாவுக்காகவே செய்த படம், வெனிஸ் காசில் வெனிஸ் ரசனைக்கு எடுத்தது" என்று சொல்லி முடித்துவிட்டார். இத்தாலியின் வெனிஸ் திரைப்பட விழா கொடுத்த பணத்தில் எடுத்த படம் இது. அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாலைந்து வருடமாக அந்த வாக்கியம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சுண்டெலி

உங்கள் நண்பர் சொன்னதில் தப்பு என்ன? நானும் இந்தப் படத்தைப் பார்த்தேன், பாதியில் தூங்கி எழுந்து மறுபடி பார்த்தேன், ஒன்றும் விட்டுப்போகவில்லை. விழாவுக்குப் போகிற ஆப்பிரிக்கப் படம் என்றால் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது சார். மெதுவாக நகரும் கேமரா, துயரம் நிறைந்த முகம், மலை, பனி, மூப்பு, சாவு. யாரும் சிரிக்கக் கூடாது. நைஜீரியாவில் லாகோஸில் வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் படம் எடுக்கிறார்கள், அதில் கல்யாணச் சண்டை, மாமியார், பேய், பணத்தாசை எல்லாம் இருக்கிறது, அந்த ஊர் ஜனம் அதைத்தான் பார்க்கிறது. அதை வெனிஸ்காரன் கூப்பிடுவானா? அவன் கூப்பிடுவது தான் ஏற்கெனவே கற்பனை செய்து வைத்திருக்கும் ஆப்பிரிக்காவை.

அப்புறம் தலைப்பு. இதே இயக்குநரின் இன்னொரு படத்துக்குப் பேர் 'மதர், ஐ ஆம் சஃபகேட்டிங். திஸ் இஸ் மை லாஸ்ட் ஃபிலிம் அபவுட் யூ'. அதுவும் 2019-ல்தான் பெர்லின் விழாவில் வந்தது. தலைப்பே விழாப் புத்தகத்துக்கு எழுதினது மாதிரி இருக்கிறதா இல்லையா? ஆள் குடியிருப்பதும் பெர்லினில். லெசூட்டூவில் உட்கார்ந்து எடுத்திருந்தால் இப்படிப் பேர் வைத்திருப்பாரா?

ரப்பர்பேண்ட்

சுண்டெலி, தலைப்பு விஷயத்தில் உங்களோடு சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் "வெனிஸ் காசு" என்று எல்லோரும் ஒரு பெரிய மூட்டை மாதிரி பேசுகிறீர்கள், அது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு பேசினால் நல்லது. நான் குறும்படம் எடுத்து, பயிற்சியும் பணமும் தரும் இந்த மாதிரி சினிமா லேபுகளுக்கு விண்ணப்பம் போட்டு, வரிசையாக நிராகரிக்கப்பட்டவன். அதனால் விதிமுறை எல்லாம் மனப்பாடம்.

வெனிஸ் விழாவை நடத்தும் பியென்னாலே அமைப்பு 2012-ல் 'பியென்னாலே காலேஜ்' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. முதல் படமோ இரண்டாவது படமோ எடுப்பவர்களுக்கு மட்டும். இயக்குநரும் புரொட்யூசரும் ஜோடியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், தனியாகப் போனால் உள்ளேயே விட மாட்டார்கள். ஏதோ ஒரு டஜன் ஜோடிகளைப் பொறுக்கிப் பயிலரங்கு வைப்பார்கள், கடைசியில் மூணு நாலு பேருக்குத்தான் பணம். மொசெசே போன காலத்தில் அந்தப் பணம் 1,50,000 யூரோ. அன்றைய கணக்கில் நம் காசுக்கு ஒன்றேகால் கோடிக்கும் கொஞ்சம் கீழே. அதில்தான் எழுதி முடித்து, எடுத்து, எடிட் செய்து, ஒலி சேர்த்து, அடுத்த வெனிஸ் விழாவுக்குள் படத்தைக் கையில் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் கூட முழுசாகக் கிடையாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். சாலை ஒழுங்காக இல்லாத மலைக் கிராமம், கேமரா, ஜெனரேட்டர், ஆட்கள், எண்பதை நெருங்கும் நடிகை. படத்தொகுப்பும் இயக்குநரே. மெதுவாக நகரும் கேமரா என்று குறை சொன்னீர்களே, ஒரு இடத்தில் விளக்கு வைத்து ஒரே நீள ஷாட்டில் காட்சியை முடித்துவிட்டால் எத்தனை நாள் மிச்சமாகும் என்று எடுத்துப் பார்த்தவனுக்குத் தெரியும். அந்தப் படத்தில் இருக்கும் பொறுமை ரசனையிலிருந்து வந்ததா கணக்குப் புத்தகத்திலிருந்து வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்ட இடத்தில்தான் நல்ல சின்னப் படங்கள் பிறக்கின்றன என்று நினைக்கிறேன்.

வெனிஸில் 2019 செப்டம்பர் வாக்கில் முதல் திரையிடல். அங்கே இது போட்டிப் பிரிவில் இல்லை, காலேஜ் படங்களுக்கு என்று தனி இடம், பத்திரிகைக்காரர்கள் நேரம் இருந்தால் எட்டிப் பார்க்கும் இடம். படம் உண்மையில் எழுந்தது 2020 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில். உலக நாடகப் பிரிவில் தொலைநோக்குள்ள திரைப்பட ஆக்கத்துக்கு என்று நடுவர்களின் சிறப்புப் பரிசு. ரெண்டே மாதத்தில் உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. அதற்கப்புறம் விழா விழாவாகப் போனது பெரும்பாலும் ஃபைல்தான், மனிதர்கள் இல்லை.

அரைடிக்கெட்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். லெசோதோ என்றுதானே பள்ளிப் புத்தகத்தில் படித்தோம், நீங்கள் எல்லோரும் லெசூட்டூ என்கிறீர்களே? அப்புறம் அங்கே அணை கட்டி என்ன செய்கிறார்கள், விவசாயமா?

ஜோபர்க்வாசி

அரைடிக்கெட் தம்பி, எழுதுவது லெசோதோ, அவர்கள் வாயில் வருவது லெசூட்டூ. மக்கள் பாசூட்டூ, மொழி செசூட்டூ. நான் ஜோகன்னஸ்பர்க்கில் வேலைக்கு வந்து ஒன்பது வருடம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் சமையலறைக் குழாயைத் திறந்தால் பதில் வரும்.

அந்த நாட்டை வரைபடத்தில் பாருங்கள், நாலு பக்கமும் தென்னாப்பிரிக்கா, நடுவில் தோசையில் ஓட்டை போட்ட மாதிரி. ஜனத்தொகை இருபது லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நாடு முழுக்கவே உயரத்தில்தான் இருக்கிறது, ஆகத் தாழ்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர். மழையும் பனியும் அங்கே, தாகம் இங்கே. 1986-ல் இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு, ஆரஞ்சு ஆற்றின் தலைப்பகுதியில் அணை கட்டி, மலையைக் குடைந்து 80 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கப்பாதை போட்டு, 1998-லிருந்து இந்தப் பக்கம் தண்ணீர் விடுகிறார்கள். காட்ஸே அணை மட்டும் 185 மீட்டர் உயரம். அதற்கப்புறம் மொஹாலே, இப்போது போலிஹாலி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீருக்கு லெசூட்டூவுக்கு ராயல்டி வருகிறது, அந்த நாட்டுக்கு அது பெரிய காசு. அங்கே தண்ணீரை வெள்ளைத் தங்கம் என்று சொல்வார்கள். 2024 அக்டோபரில் பராமரிப்புக்காக அந்தச் சுரங்கப்பாதையை ஆறு மாதம் மூடினார்கள், அப்போதுதான் என் அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றே தெரிந்தது.

ஆகவே விவசாயம் இல்லை தம்பி. மன்டோவாவின் ஊரை முழுகடிக்கும் தண்ணீர் கடைசியில் என் மாதிரி ஆட்கள் குளிக்கத்தான். படத்தில் வரும் நாசரேத்தா ஊர் கற்பனை. ஆனால் கல்லறைகளைத் தோண்டி எலும்பை எடுத்து வேறு இடத்தில் அடக்கம் செய்வது கற்பனை இல்லை, அணைத் திட்டத்தில் அதுவும் ஒரு வேலை, அதற்கும் நஷ்டஈட்டுக் கணக்கு உண்டு.

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். மகன் சுரங்கத்தில் சாகிறான் என்பதை எல்லோரும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறீர்கள். இந்த ஊர்த் தங்கச் சுரங்கங்களுக்கு லெசூட்டூ ஆண்கள் தலைமுறை தலைமுறையாக வந்தவர்கள், ஒரு காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்த நாடு முதலில் ஆண்களை அனுப்பியது, பிறகு தண்ணீரை அனுப்பியது. இயக்குநர் இதை எங்கேயும் வசனமாக வைக்கவில்லை. முதலில் மகன் வராமல் போகிறான், பிறகு அணை வருகிறது. இந்த ஊரில் இருப்பவனுக்கு அது போதும், விளக்கம் வேண்டாம்.

சுண்டெலிக்கு ஒரு தீனியும் தருகிறேன். படத்தின் கதாநாயகி மேரி ட்வாலா ம்லோங்கோ தென்னாப்பிரிக்க நடிகை. கதைசொல்லியாக வரும் ஜெர்ரி மொஃபொகெங் இந்த ஊர்க்காரர். கேமரா பியர் டி வில்லியர்ஸ், இந்த ஊர். தயாரிப்பு நிறுவனமும் இந்த ஊர். இசை யூ மியாஷிதா என்ற ஜப்பானியர். தண்ணீர் மாதிரியே படமும் இந்தப் பக்கத்துக் குழாய் வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது.

மேட்டூர்ப் பொடியன்

எங்கள் ஊரிலும் அணையில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் மாதா கோவில் கோபுரமும் வெளியே வரும். டிவிக்காரர்கள் ட்ரோன் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இந்தக் கதையைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

வாளையார் வண்டி

பொடியன், எனக்கும் படம் பார்த்துவிட்டு வரும்போது பஸ்ஸில் அதுவேதான் ஓடியது. ஆனால் எந்த ஊர்ப் படம் பார்த்தாலும் கடைசியில் நம் ஊருக்கே இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம், அதனால் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. மன்டோவா மன்டோவாவாகவே இருக்கட்டும்.

ஜோபர்க்வாசி, அந்தக் குழாய் விஷயம் சாட்டையடி. சுரங்கமும் அணையும் ஒரே கணக்கு என்று எனக்குப் படவே இல்லை. அந்தப் பக்கத்தில் வாழ்ந்தவருக்குப் புரிவது வேறு.

காப்பிக்கொட்டை

எல்லோரும் காசு, அணை, விழா என்று பேசுகிறீர்கள். நான் அந்த அம்மாவைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

மன்டோவா வீட்டில் ஒரு ரேடியோ இருக்கிறது. அதில் சாவு அறிவிப்பு வாசிப்பார்கள், இன்னார் இறந்தார், அடக்கம் எப்போது, உறவினர் யார் யார் என்று. அவர் அசையாமல் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் முப்பது வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். சொந்தத்தில் எல்லோரையும் பறிகொடுத்த வயதானவர்கள் இப்படித்தான் மற்றவர்கள் சாவைக் காது கொடுத்துக் கேட்பார்கள், வார்டில் பார்த்திருக்கிறேன். அழுவதற்காக இல்லை. வரிசை எங்கே வரைக்கும் வந்திருக்கிறது என்று பார்க்கிற மாதிரி இருக்கும். அந்த முகத்தை ஒரு நடிகை செய்ய முடியும் என்று நான் நினைத்ததில்லை.

மேரி ட்வாலா 1939-ல் பிறந்தவர். வாழ்நாள் முழுக்க மேடையிலும் டிவியிலும் துணைப் பாத்திரங்களில் வந்தவருக்கு எண்பதை ஒட்டி ஒரு முழுப் படம் கிடைத்திருக்கிறது. 2020 ஜூலையில் காலமாகிவிட்டார். சன்டான்ஸ் பரிசு வரைக்கும் இருந்தார். நீங்கள் பாலக்காட்டில் அவர் முகத்தைப் பார்த்தபோது அவர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தன் சாவுக்குத் தயாராகிற ஒருத்தியாக நடித்துவிட்டு அவர் போய்விட்டார், அந்தத் துணி மட்டும் உலகம் சுற்றுகிறது. கறுப்புத் துக்க உடையில் கழுத்துவரை பொத்தான் போட்டு நிற்பாரே, அதைச் சொல்கிறேன்.

முடிவைச் சொல்கிறேன், பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஊரே மூட்டை முடிச்சோடு கிளம்பிப் போகும்போது அவர் மட்டும் திரும்புகிறார். உடுத்தியிருப்பதை ஒவ்வொன்றாகக் களைந்துவிட்டு அணை வேலைக்காரர்களை நோக்கி வெறும் உடம்போடு நடக்கிறார். ஒரு சின்னப் பெண் நின்று பார்க்கிறாள். தலைப்பில் சொல்கிற உயிர்த்தெழுதல் கிழவிக்கு இல்லை, அந்தப் பெண்ணுக்கு. சுண்டெலி தம்பி, இதை வெனிஸ்காரன் கேட்டான் என்று எடுக்க முடியாது. எண்பது வயது அம்மா ஒருத்தர் சம்மதிக்க வேண்டும்.

சுண்டெலி

அக்கா, கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. நடிப்பை நான் குறை சொல்லவே இல்லை. தொடக்கத்தில் ஒரு மதுக்கடை மாதிரி இருட்டு அறைக்குள் கேமரா மெல்லத் திரும்பி, அந்தக் கதைசொல்லி உட்கார்ந்து ஏதோ ஒன்றை வாயில் வைத்து ஊதுவாரே, அந்தக் காட்சியும் எனக்குப் பிடிக்கும். அது என்ன கருவி என்று யாராவது சொல்லுங்கள்.

ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. இந்தப் படத்தை லெசூட்டூவில் எத்தனை பேர் பார்த்தார்கள்? பாலக்காட்டில் பார்த்தவர்களை விடக் குறைவாக இருந்தால் அதை லெசூட்டூ படம் என்று எப்படிச் சொல்வது? ஆப்பிரிக்காவுக்கென்றே ஒரு விழா இருக்கிறது, புர்கினா ஃபாசோவில் வாகடூகூ நகரத்தில் 1969-லிருந்து ஃபெஸ்பாகோ நடக்கிறது, ரெண்டு வருடத்துக்கு ஒரு தடவை. அங்கே ஊர் ஜனம் கூட்டமாக வந்து பார்க்கும் என்பார்கள். அங்கே ஜெயித்த படத்தின் பேர் நம்மில் யாருக்காவது தெரியுமா? தெரியாது. எனக்கும் தெரியாது, கூகுள் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் வெனிஸ், சன்டான்ஸ் என்றால் உடனே ஞாபகம் வந்துவிடுகிறது. நம் ரசனைக்கும் அதே முத்திரை வேண்டியிருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன்.

ரப்பர்பேண்ட்

கருவியின் பேர் லெசிபா. ஒரு குச்சி, அதில் ஒரு நரம்பு, நுனியில் தட்டையாக்கின இறகுத் தண்டு ஒன்று. அந்த இறகை உதட்டுக்கு நடுவில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தும் வெளியே விட்டும் வாசிக்க வேண்டும். நரம்புக் கருவியா ஊதுகருவியா என்று ஆராய்ச்சிக்காரர்களே தலையைச் சொறிவார்கள். மாடு மேய்ப்பவர்களின் கருவி. பறவை கரகரப்பாகக் கத்துவது மாதிரி ஒரு சத்தம் வருமே, அதுதான்.

உங்கள் முத்திரைப் பேச்சு நியாயம்தான், நானும் அந்த முத்திரையை நம்பித்தான் விண்ணப்பம் போடுகிறேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் "சொந்த ஊரில் எத்தனை பேர் பார்த்தார்கள்" என்பது படம் எடுத்தவனிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. அரங்கு இருந்தால்தானே பார்ப்பார்கள். அரங்கு இருக்கும் ஊரில் கூட வேறு வினை வரும். 2018-ல் கான் விழாவின் அதிகாரபூர்வத் தேர்வுக்குப் போன முதல் கென்யப் படம் 'ரஃபிக்கி', வனூரி கஹியூ எடுத்தது, இரண்டு பெண்களின் காதல். ஊருக்குத் திரும்பும் முன்பே தணிக்கை வாரியம் தடை போட்டுவிட்டது. இயக்குநர் வழக்குப் போட்டார், செப்டம்பரில் நீதிமன்றம் ஏழே ஏழு நாள் மட்டும் தடையை நிறுத்தி வைத்தது. அந்த ஏழு நாளும் நைரோபியில் கூட்டம் அலை மோதியது. ஊர் ஜனம் பார்க்க மாட்டார்கள் என்று யார் சொன்னது? விட்டால் பார்க்கிறார்கள்.

அந்த ஏழு நாள் ஏன் என்று நினைக்கிறீர்கள்? அன்றைய விதிப்படி ஆஸ்கருக்கு அனுப்ப வேண்டுமானால் சொந்த நாட்டில் ஏழு நாள் தொடர்ந்து ஓடியிருக்க வேண்டும். வெளியூர்ப் போட்டி விதி ஒன்று இருந்ததால் உள்ளூரில் கதவு திறந்தது. மொசெசே படத்தையும் லெசூட்டூ ஆஸ்கருக்கு அனுப்பியது, அந்த நாடு அனுப்பின முதல் படமே இதுதான். பட்டியலில் தேறவில்லை, அது வேறு. ஆனால் அனுப்ப வேண்டுமென்றால் தேர்வுக் குழு என்று ஒன்று உட்கார வேண்டும், நம்மிடம் சினிமா என்று ஒன்று இருக்கிறது என்று யாராவது ஒரு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது நடந்திருக்கிறது. இதையும் முத்திரைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. பெர்லினில் இருக்கிறார் என்று குற்றம் மாதிரி சொன்னீர்கள். ஹ்லோட்சே என்ற ஊரில் பிறந்து, பள்ளியில் போய்ப் படிக்காமல் தானாகவே சினிமா கற்றுக்கொண்டவர். படிக்க வைக்க ஒரு கல்லூரி, வேலை தர ஒரு ஸ்டுடியோ இல்லாத ஊரில் இருந்துகொண்டு எப்படி எடுப்பது? சென்னையில் இருந்துகொண்டே என்னால் முடியவில்லை.

அரைடிக்கெட்

நேற்று ராத்திரி பார்த்துவிட்டேன்! எங்கே என்று கேட்காதீர்கள், அட்மின் திட்டுவார். ஊர்ப் பேர் பற்றி வரும் இடம் யாரும் சொல்லவில்லையே. பாதிரிமார்கள் வந்து நாசரேத்தா என்று பேர் வைப்பதற்கு முன்னால் அந்த இடத்துக்கு "அழுகைச் சமவெளி" என்று பேராம். செத்தவர்களைப் புதைத்துப் புதைத்து உண்டான ஊர். அதைக் கேட்டதும்தான் கிழவி ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று புரிந்தது. ஊரில் சுடுகாடு இல்லை, சுடுகாட்டில்தான் ஊர்.

நடுவில் இருபது நிமிடம் எனக்கும் இழுத்தது. சுண்டெலி அண்ணா கட்சிக்கு அரை ஓட்டு.

வாளையார் வண்டி

அரை ஓட்டு நியாயமானதுதான். எனக்கு இப்போது ஒன்று மட்டும் தெளிவாகிறது. நண்பர் சொன்ன "வெனிஸ் காசில் வெனிஸ் ரசனைக்கு" என்பதில் முதல் பாதி உண்மை, இரண்டாவது பாதியை அவர் பார்க்காமலே சேர்த்துக்கொண்டார். காசு எங்கிருந்து வந்தது என்பது தலைப்பிலும் நீளத்திலும் கொஞ்சம் தெரியலாம். ரேடியோவில் சாவு அறிவிப்பு கேட்பதும், லெசிபாவும், கல்லறை என்ன ஆகும் என்ற கேள்வியும் எந்த லேபிலும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. என் குறை வேறு இடத்தில். படத்துக்கு வெனிஸ் போக வழி இருக்கிறது, பாலக்காடு வர வழி இருக்கிறது, மலை மேல் ஏற வழி இல்லை.

ஜோபர்க்வாசி

மலை மேல் ஏற வழி பற்றி. போன வாரம் இந்த இழையைப் படித்த கையோடு ஒரு வேலை செய்தேன். எங்கள் குடியிருப்பில் இரவுக் காவலுக்கு இருப்பவர் லெசூட்டூக்காரர், ஐம்பது வயது இருக்கும், குளிர்காலத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சின்ன ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்தக் கம்பளிக் கோடுகள் மேலிருந்து கீழாக இருக்க வேண்டுமாம், குறுக்கே வந்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்று முன்பு ஒருமுறை என்னிடம் சொன்னவர். அவரிடம் டிரெய்லரைப் போனில் காட்டினேன்.

கிழவி முகம் வந்ததும் "இவர் டிவியில் வருகிற அம்மா" என்றார். மேரி ட்வாலாவை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆடுகள் சுற்றி நிற்பது வந்தபோது ஒன்றும் பேசவில்லை, போனைக் கையில் வாங்கி, அதை மட்டும் ரெண்டு தடவை பின்னால் தள்ளிப் பார்த்தார். நான் ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "இவ்வளவு கிட்டே நிற்காது, உப்பு வைத்திருப்பார்கள்" என்றார்.

அப்புறம் முழுப் படத்தையும் அனுப்ப முடியுமா என்று கேட்டார். அவர் அம்மா மலையில்தான் இருக்கிறாராம், அவரும் ரேடியோவில் சாவு அறிவிப்பு விடாமல் கேட்பவர். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், கிறிஸ்துமஸுக்குப் போகும்போது இவரே தன் போனில் போட்டுக் காட்டுவாராம். காசு கொடுத்துப் பார்க்கிற தளத்தில் இறக்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மெமரி கார்டு வாங்க வேண்டும்.

காப்பிக்கொட்டை

தம்பி, அந்த அம்மாவுக்கு முடிவைக் காட்டலாமா வேண்டாமா என்று அவரிடமே முதலில் கேட்டுவிடு.

சுண்டெலி

உப்பு விஷயம் உண்மையா? அப்படியானால் நான் அந்த ஷாட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.